வெறுங்கால் துரை வீட்டுத் தலைக்கனம்

வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் போய், "யோகமணி வீடு எது?" என்று கேட்டால் ஆளாளுக்குத் தலையைச் சொறிவார்கள். "துரை வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட முன்னால் ஓடி வழி காட்டும். பங்களா இருக்கும், பூந்தோட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் வர வேண்டும். கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, ஒரே அறை. காற்றுக்குப் பறந்துவிடாமல் இருக்கக் கூரைத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும். அதுதான் துரை வீடு.

துரை என்பது யோகமணியின் அப்பா வீரமலைக்கு ஊர் வைத்த பட்டம். முழுப் பட்டம் 'வெறுங்கால் துரை'. செருப்பே இல்லாத மனிதருக்கு அப்படி என்ன துரைத்தனம் என்றால், அவர் பாதையில் யாரையும் மதிக்க மாட்டாராம். ஓரமாக நின்று கங்காணி கையைத் தூக்கினாலும் சரி, சொந்த மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாலும் சரி, நேரே பார்த்தபடி ரயில் மாதிரிப் போய்க்கொண்டே இருப்பார். சிரித்த சிரிப்பைத் திரும்ப எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்வது எவ்வளவு சிரமம் என்பது சிரித்தவனுக்குத்தான் தெரியும். அப்படிப் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பேர் அது.

கடைசிக் காலத்தில் அந்தத் துரை கதவு நிலையில் மோதினார். பாதையோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து சேற்றோடு வீட்டுக்கு வந்தார். "இன்னைக்கும் ஏத்திட்டு வாறாரு" என்று லயமே சிரித்தது. பால் விடாத சாயத்தண்ணிக்குச் சீனிகூடத் தொட்டுக்கொள்ளாத மனிதர், குடிகாரர் என்ற பேரோடு குழிக்குள் போனார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் யோகேஸ்வரன், வலப்பனையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். நடுவில் யோகமணி, அப்பா உழைத்த அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். கடைக்குட்டி முத்துலிங்கம் கொத்மலைப் பக்கம் பெண் எடுத்து, அங்கேயே குடியேறி, ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அப்பா அவர்களுக்குக் காணி பூமி எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. தலைக்கனத்தை மட்டும் குறைவில்லாமல் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார் என்பது ஊர்க்கணக்கு.

யோகமணியின் பங்கு சற்றுப் பெரியது என்றார்கள். மலைக்குப் போனால் அவள் கைகள் செடிமேல் கோழி கொத்துகிற வேகத்தில் ஓடும். பார்வை நேராக அந்தச் செடியில் மட்டும் இருக்கும். ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அவரவர் நிரையில்தான் பறிக்க வேண்டும். யோகமணி எப்படியாவது பக்கத்து நிரைக்குள் போய்விடுவாள்.

"ஏய் துரை மகளே! ஒன் நெரைய விட்டுட்டு என் நெரைக்குள்ள ஒனக்கு என்னாடி வேல?" என்று பக்கத்து நிரை அந்தோனியம்மா கத்தாத நாள் குறைவு.

"நீ வந்து என் மேல இடிச்சுட்டு என்னைய சொல்லுறியா?"

"நானா இடிச்சேன்? மாதாவே, நீயே பாத்துக்க! மாடு மாதிரி வந்து முட்டுறா, கேட்டா மரம் நகந்து வந்துச்சுங்கிறா!"

யோகமணி வாயால் தோற்றதில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கைகாலைப் பார்த்தால் எங்கே பட்டது என்று தெரியாத காயங்கள் இருக்கும். செடிக்குச்சி கீறியது, நிலைப்படி இடித்தது. புருசன் செல்லசாமி தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டே, "எந்த ஊரு ராசாவோட சண்டைக்குப் போயிட்டு வந்த?" என்பான். அவனும் ஒரு துரை வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தான்.

சண்டை என்றால் பெரிய சண்டை ஒன்று இருந்தது. அது மகள் லோஜினி பெரியமனுசி ஆன சடங்கு அன்று நடந்தது.

சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். வாசலுக்கு வந்ததும் அக்காக்காரி முன்னால் போய், "வாங்க தம்பி, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் மாமன் உள்ளே வருவான். ஒரு சின்ன வார்த்தைதான். ஆனால் மலை நாட்டில் அந்த ஒரு வார்த்தை விழாமல் போனதால் இரண்டு தலைமுறை பேசாமல் போன குடும்பங்கள் உண்டு.

முத்துலிங்கம் தப்பு மேளம் முழங்க வந்தான். பெண்டாட்டி புஷ்பராணி, ஊர்ப் பெண்கள், ஆளுக்கொரு தட்டு. தப்புக்காரர்கள் முன்வாசலில் நின்று வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தபோது, முத்துலிங்கம் குறுக்குப் பாதையால் ஏறி யோகமணிக்கு வலப்பக்கமாக வந்து நின்றான். தலைத்தட்டு அவன் கையில். பட்டுப்பாவாடை, வளையல், மேலே பூச்சரம். அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அக்கா கழுத்தை ஒரு தடவை நீட்டி முன்வாசலைப் பார்த்தாள். பிறகு விறுக்கென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

தப்புச் சத்தம் தானாக நின்றது. அத்தனை கண்களும் முத்துலிங்கத்தின் கையில் இருந்த தட்டைப் பார்த்தன. அவன் தட்டைக் கான் ஓரத்துக் கல்லின் மேல் வைத்தான். ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே இறங்கிப் போனான்.

உள்ளே மஞ்சள் நீர் கரைத்துக்கொண்டிருந்த யோகமணிக்கு வந்து சேர்ந்த கதை வேறு மாதிரி இருந்தது. தம்பி வாசல்வரை வந்து, சீரைக் கானில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சொந்த மாமனே பிள்ளையை மதிக்கவில்லை. வலப்பனை அண்ணன்தான் அன்றைக்கு மாலை போட்டுச் சடங்கை முடித்துவைத்தார். அன்றிலிருந்து அக்கா தம்பியிடம் பேசவில்லை. தம்பி அக்காவிடம் பேசவில்லை. முதலில் பேசினால் துரைப் பட்டம் பறிபோய்விடும் போல இருவரும் விறைப்பாக இருந்தார்கள்.

நான்கு வருசம் போனது. இந்த வருசம் கோயில் மண்டபத்தில் இலவசக் கண் முகாம் வைத்தார்கள். ஊசியில் நூல் கோக்க ஒரு கண்ணாடி கொடுத்தால் போதும் என்றுதான் யோகமணி போனாள். அங்கே இருந்தவர்கள் அவள் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள், மறுபடி பார்த்தார்கள், பிறகு ஆளை மாற்றிப் பார்த்தார்கள். கண்ணாடி கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். யோகமணி காத்திருந்தாள். மின்மினிப் பூச்சியே இல்லாத காட்டில் மின்மினிக்குக் காத்திருப்பது போல இருந்தது. "மெஷின் கெட்டுப்போச்சு மிஸ்" என்று அவளே சொன்னாள்.

மெஷின் கெடவில்லை.

குளுக்கோமா என்றார் டொக்டர். சிங்களப் பெண் டொக்டர், அரைகுறைத் தமிழில் பொறுமையாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறி, பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. வலிக்காது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போனது போனதுதான். மிச்சம் இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம்.

"குளுக்கோஸ் கூடிருச்சுங்களா?" என்று கேட்டான் செல்லசாமி.

அதற்கு மேல் விளக்குகிற வேலை நர்ஸ் பிரியந்திக்கு வந்தது. பிரியந்தியும் தோட்டத்துப் பிள்ளைதான், தலவாக்கலைப் பக்கம். செல்லசாமி, யோகமணி, லோஜினி மூவரையும் பக்கத்து அறையில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் சதுரமும் வட்டமும் போட ஆரம்பித்தாள்.

"என்னைய எதுக்கு மிஸ் பொட்டி மாதிரி போட்டிருக்கீங்க?"

"ஆம்பளைன்னா சதுரம், பொம்பளைன்னா வட்டம். அவ்வளவுதான் அண்ணே."

"இவரு வயித்தப் பாத்தீங்கன்னா மாத்திப் போட்டிருப்பீங்க" என்றாள் யோகமணி. கண் போகிறது என்று கேட்ட பத்தாவது நிமிசத்திலும் அவளுக்குப் புருசனைக் குத்த வாய் இருந்தது.

பிரியந்தி சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, ஒங்க குடும்பத்துல வேற யாருக்காவது கண்ணுல வருத்தம், நோய் ஏதாவது இருந்துச்சா?"

"ஒருத்தருக்கும் இல்ல மிஸ். எங்க அப்பா சாகுறவரைக்கும் பேப்பர் படிச்சாரு. கடைசியில கொஞ்சம்... குடின்னு சொன்னாங்க."

"யாராவது அடிக்கடி எதுலயாவது மோதுறது? படி தவறி விழுறது? பக்கத்துல ஆளு நின்னா பாக்காமப் போறது?"

செல்லசாமி தொடையைத் தட்டிச் சிரித்தான். "அத ஏன் மிஸ் கேக்குறீங்க! அவங்க வூட்டுல யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. துரை குடும்பம்! மாமனாரு நேரா பாத்துத்தான் நடப்பாரு, பக்கத்துல நிக்கிறவன் மனுசனே இல்ல. இவளும் அப்புடித்தான். இவ தம்பி அதுக்கு மேல. போன தீவாளிக்கு ஹட்டன்ல நான் அவனுக்குப் பக்கத்துலயே நின்னு கையக் காட்டுறேன், எருமை மாட்டுல மழை பெஞ்ச மாதிரி..."

பாதியில் அவன் சிரிப்பு நின்றுபோனது. அறையில் யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பிரியந்தியின் பேனா வீரமலையின் சதுரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. யோகமணி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அப்ப எங்க அப்பா குடிக்கலயா?" என்றாள்.

"செத்துப்போனவங்களச் சோதிச்சுப் பாக்க ஏலாது அக்கா. ஆனா நீங்க சொல்லுறதெல்லாம் இந்த வருத்தத்தோட அடையாளம் மாதிரித்தான் இருக்கு. சில குடும்பத்துல இது ரத்தத்தோட வரும். நீங்களும் குற்றவாளி இல்ல, அப்பாவும் இல்ல. மூக்கு வருது, நெறம் வருது, அது மாதிரி இதுவும் வந்திருக்கு."

லோஜினி மெதுவாகக் கேட்டாள், "அப்ப எனக்கு?"

யோகமணிக்குத் தன் கண்ணைப் பற்றிக் கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. "நாந்தான் புள்ளைக்குக் குடுத்துட்டேனா மிஸ்?"

"வந்திருக்கலாம், வராமயும் இருக்கலாம். ஒங்க குடும்பத்துல போற மாதிரியப் பாத்தா, ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசு சுண்டுற மாதிரி. ரத்தத்த எடுத்துப் பாக்குற சோதனையெல்லாம் இருக்குது, இப்போதைக்கு நமக்கு அது தேவையில்ல. கண்ணப் பாத்தாலே போதும்."

அன்றைக்கே லோஜினியின் கண்ணைப் பார்த்தார்கள். அழுத்தம் சரி, நரம்பு சரி. ஆனால் பிரியந்தி அதோடு விடவில்லை. "இப்ப இல்லன்னா எப்பவும் இல்லன்னு அர்த்தம் இல்ல தங்கச்சி. வருசா வருசம் வந்து காட்டணும். வந்தாலும் ஆரம்பத்துலயே புடிச்சா பார்வை போகாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் கட்டலாம். சரியா?" பிறகு யோகமணியிடம் திரும்பினாள். "ஒங்க அண்ணன், தம்பி ரெண்டு பேரும் கட்டாயம் வரணும் அக்கா. தம்பி என்ன தொழில்?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறான்" என்றான் செல்லசாமி.

பிரியந்தி பேனாவை மூடி வைத்தாள். "அவரத்தான் முதல்ல கூட்டிட்டு வரணும்" என்றாள்.

அதுதான் யோகமணி வீட்டுக்குக் கொண்டுவந்த சுமை. தன் கண்ணுக்கு ராத்திரிக்கு ஒரு சொட்டு விட்டால் போதும். தம்பி கண்ணுக்கு? அவன் வேனுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு? கொத்மலைப் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

முதலில் லோஜினி போன் எடுத்தாள். குரலைக் கேட்டதும் மாமன் கட் பண்ணினான். பிறகு செல்லசாமி தூது போனான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"என்னா சொன்னான்?"

"பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவளுக்கு இப்பக் கண்ணு தெரியலயாம், நல்லா இருக்கே கதைன்னான். மன்னிப்புக் கேக்க மானம் போகுது, அதுக்கு ஆஸ்பத்திரியில போயி ஒரு வருத்தத்த வாங்கிட்டு வந்திருக்காளான்னான்."

"வருத்தம் என்ன, ச.தொ.ச கடையில விக்கிதா வாங்கிட்டு வர?" யோகமணி கொதித்தாள். "நீங்க என்னா சொன்னீங்க?"

"ஒனக்கும் கண்ணு போயிரும்டான்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க! யாரு வருவா?"

மறுகிளினிக்கில் இதைக் கேட்டு பிரியந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவருக்கு என்ன வரும்னு சொல்லாதீங்க. அது சாபம் விடுற மாதிரி இருக்கும். ஒங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யோகமணி ஒரு தாம்பாளத்தை விளக்கினாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தம்பிக்கு ஒரு வேட்டி. மாமனை மதிக்காமல் விட்ட குற்றத்துக்கு அந்தப் பக்கத்தில் செய்கிற பரிகாரம் அதுதான். தட்டோடு அவன் வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். துரை வீட்டில் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. லோஜினி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு சொல்லிக்கொண்டே இரண்டு பஸ் மாறிக் கூட்டிப் போனாள்.

முத்துலிங்கம் வீட்டு முன்னால் வேன் கழுவிக்கொண்டிருந்தான். வேனின் வலப்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. இடப்பக்கம் முழுக்கக் கீறல். பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நசுங்கல் வேறு. லோஜினி அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். யோகமணி மட்டும் தட்டோடு நடந்து போய், தம்பியின் இடப்பக்கத்தில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள்.

பஸ்ஸில் வரும்போது ஏழெட்டு விதமாகப் பேசிப் பார்த்து வந்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. தம்பியின் காதோரம் நரைத்திருந்தது. இவனுக்கு எப்போது நரைத்தது? தட்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

முத்துலிங்கம் துணியைப் பிழிந்தான். கண்ணாடியைத் துடைத்தான். மூக்கை உறிஞ்சினான். ஒரு பழைய பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்தான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி, அக்காவை உரசாத குறையாகக் கடந்து வீட்டைப் பார்த்து நடந்தான்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த புஷ்பராணிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க! நீங்க மனுசன்தானா? அண்ணி தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாங்க, பாத்துட்டுப் பாக்காத மாதிரி வாறீங்களே!"

"எந்த அண்ணி?"

"எந்த அண்ணியா? ஒங்க அக்கா! பக்கத்துலதான நின்னாங்க!"

"எங்கடி?" முத்துலிங்கம் வாளியோடு திரும்பினான். முதலில் வேனைப் பார்த்தான். பிறகு பாதையைப் பார்த்தான். தலை முழுசாகத் திரும்பிய பிறகுதான் அக்கா தெரிந்தாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

"நடிக்காதீங்க! நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் புஷ்பராணி.

"இல்ல தாயி." யோகமணிக்குக் குரல் வந்துவிட்டது. "அவன் பாக்கல. சத்தியமாப் பாக்கல. ஒலகத்துல வேற யாரு நம்பாட்டியும் நான் நம்புறேன்."

புஷ்பராணி புருசனைப் பார்த்தாள். புருசன் அக்காவைப் பார்த்தான். வாளித் தண்ணீர் அவன் காலில் தளும்பிக் கொட்டியது, அவன் கவனிக்கவில்லை.

"அன்னைக்கு, சடங்கு அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நீ எந்தப் பக்கம் நின்ன?"

"ஒனக்குச் சோத்தாங்கைப் பக்கம்."

"எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல தம்பி. நீ வரலன்னு நெனைச்சு, ஆராத்தித் தட்டு எடுக்க உள்ள போனேன்."

அதற்குப் பிறகு யாரும் அழவில்லை என்று சொன்னால் பொய். புஷ்பராணிதான் அதிகமாக அழுதாள். நான்கு வருசமாக அந்தக் கதையைக் கை கால் வைத்து ஊரெல்லாம் சொன்னவள் அவள்தான். பிறகு தேத்தண்ணி போட்டாள், அழுததில் சீனிக்குக் கணக்குத் தெரியாமல்.

அக்கா ஆஸ்பத்திரிக் கதை முழுக்கச் சொல்லி, தேத்தண்ணியும் உள்ளே போனதும் முத்துலிங்கத்துக்குத் துரைத்தனம் திரும்பி வந்துவிட்டது. "ஒனக்குப் பாவம்தான்க்கா. ஆனா எனக்கு ஒண்ணும் இருக்காது. பாதிக்குப் பாதிதானே? அது ஒனக்கு வந்திருச்சு. அப்ப என் பங்கும் ஒனக்கே போயிருச்சுன்னு வச்சுக்கயேன்."

"பங்கு பிரிக்க இது என்னா கோயில் பொங்கச் சோறா? நீ எத்தன வருசமா கிரிக்கெட் அடிக்கிற? போன மேட்சுல டாஸ் தோத்தா, இந்த மேட்சுல ஜெயிக்கணும்னு சட்டமா இருக்கு? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சுண்டுவாங்களாம். எனக்கு என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்காதாம்."

"மாமா, வேனுக்கு வலப்பக்கம் மட்டுந்தான் பெயின்ட் அடிச்சீங்களா?" என்று லோஜினி வெளியிலிருந்து கேட்டாள்.

"இந்த ரோட்டுல எவனுக்கு ஓட்டத் தெரியுது? எல்லாம் வந்து இடிக்கிறானுங்க" என்றான் முத்துலிங்கம்.

"மதகுக் கல்லும் வந்து இடிச்சுச்சாக்கும்" என்றாள் புஷ்பராணி. சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்ப் புருசனைப் பார்த்தாள். வேனில் காலையில் ஏறும் பிள்ளைகளில் இரண்டு அவள் பெற்றவை.

முத்துலிங்கம் வெளியே போய் இடப்பக்கக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். "நாளைக்கு சுமன ஓட்டச் சொல்லு" என்றான். சுமன் என்பது மச்சினன். "நான் அக்காவோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறேன்."

ஆனால் ஆஸ்பத்திரியிலும் அவன் சும்மா இருக்கவில்லை. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்ததும் பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தான். வேன் போய்விடும் என்ற பயம். கடைசியில் பிரியந்தி தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெளிச்சம் வராத நேரத்துலயும் அமுக்கியிருக்கீங்களே, ஒங்களுக்குப் பேயெல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள்.

முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

யோகமணி அவன் தோளில் கை வைத்தாள். "மெஷின ஏமாத்திருவ தம்பி. மதகுக் கல்ல?"

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தான். இடக்கண்ணில் ஓரம் நிறையப் போயிருந்தது. வலக்கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். அக்கா அளவுக்கு இல்லை. அப்பா அளவுக்குப் போக விடத் தேவையில்லை என்றார் டொக்டர். சொட்டு மருந்து தினமும், ஒரு நாளும் தவறாமல். இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். வேன் விசயத்தில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. மறுபடி சோதித்துப் பார்த்து, தான் சரி என்று சொல்லும்வரை சாவியைத் தொடக் கூடாது.

வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். மழை பிடித்திருந்தது. முத்துலிங்கம் சுமனுக்குப் போன் எடுத்து, வேனை அவனே வைத்துக்கொள்ளச் சொன்னான். பேசி முடித்த பிறகும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தான்.

"அம்மா என்னைய அனுப்பும்க்கா" என்றான். "அப்பா வந்து படுத்தொடன, போயி வாய மோந்து பாத்துட்டு வாடான்னு. நான் போயி மோந்து பாப்பேன். வெத்தல வாசந்தான் வரும். வந்து சொன்னா அம்மா நம்பாது. கடைசியில எனக்கே நம்பிக்க இல்லாமப் போச்சு. வெத்தலயப் போட்டு மறைக்கிறாருன்னு நெனைச்சேன்."

யோகமணி அவன் கையிலிருந்த போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கூட வந்திருந்த செல்லசாமி கடைக்குப் போய் மூன்று உளுந்து வடை வாங்கி வந்தான். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த ஒரே வழி அது.

அடுத்த வாரம் அக்காவும் தம்பியும் வலப்பனைக்கு பஸ் ஏறினார்கள். போனில் சொன்னால் அண்ணன் சிரிப்பார் என்று இருவருக்கும் தெரியும். வழியெல்லாம் ஒரே வாக்குவாதம்.

"நீதான மூத்தவ, நீ சொல்லு."

"நீ ஆம்பள, நீ சொல்லு. அண்ணன் என்னைய எடுத்தெறிஞ்சு பேசும்."

"என்னைய மட்டும் மடியில வச்சுக் கொஞ்சுமாக்கும்."

வலப்பனையில் இறங்கினார்கள். சந்தைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு சைக்கிளையும் இரண்டு வாழைத்தாரையும் தப்பித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யோகேஸ்வரன் ஒரு கிழவிக்கு லீக்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற இருவரையும் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

"என்னாடா இது, ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க? யாரு செத்தா?"

"யாரும் சாகலண்ணே" என்றாள் யோகமணி. அதற்கு மேல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தம்பியின் விலாவில் இடித்தாள்.

முத்துலிங்கம் தொண்டையைக் கனைத்தான். கண், நரம்பு, அழுத்தம், மருந்து என்று அவன் மனப்பாடம் பண்ணி வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அண்ணே" என்றான். "அப்பா குடிக்கலண்ணே."

யோகேஸ்வரன் தராசைக் கீழே வைத்தார். கிழவி தன் லீக்ஸைக் கேட்டாள். அவர் காதில் விழவில்லை. கடைக்குப் பின்னால் கிடந்த இரண்டு மரப்பெட்டிகளை இழுத்துப் போட்டு, தூசியைத் தட்டிவிட்டார்.

"ஒக்காருங்க" என்றார். "மொதல்ல இருந்து சொல்லு."